சீவாளி வாங்கப் போனோம்

எழும்பூரில் கிளம்பிய உழவன் எக்ஸ்பிரஸ் தாம்பரம் தாண்டுவதற்குள் என் நண்பன் பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துவிட்டான். மூடியைத் திறந்தால் பஞ்சுக்கு நடுவில் பதினெட்டு சீவாளிகள். ஒவ்வொன்றாக விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தான். "இது செத்துப்போச்சு. இதுவும் போச்சு. இது கல்யாணத்துக்கு ஆகும், கோயிலுக்கு ஆகாது." கடைசியில் உயிரோடு தேறியவை நான்கு. எதிர் சீட்டு அம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாட்டு மருந்தா தம்பி?" என்று கேட்டார். "அப்படித்தாம்மா" என்றான்.

நாகஸ்வரத்தின் உச்சியில் கெண்டை என்று ஒரு சின்ன உலோகக் குழல் இருக்கும். அதன் மேல் செருகி, உதடுகளுக்கு நடுவே பிடித்து ஊதும் நாணல் துண்டுதான் சீவாளி. வாத்தியம் தாத்தா காலத்து வாத்தியமாக இருக்கலாம். சீவாளி போன மாதத்துச் சீவாளியாகத்தான் இருக்கும். வெயிலுக்கு ஒரு மாதிரி, மழைக்கு ஒரு மாதிரி நடந்துகொள்ளும். குளிர்சாதன அரங்கில் எச்சில் காய்ந்து விறைத்துக்கொள்ளும். வெளியே வந்தால் புழுக்கத்தில் ஊறித் தொளதொளத்துப் போகும். இவன் சிங்கப்பூரில் ஒரு கோயிலில் வாசிக்கிறான். ஒன்பது வருடமாகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்று வாரம் லீவு.

நாங்கள் கும்பகோணத்தில் ஒரே பள்ளிக்கூடம். பெஞ்சில் தாளம் போட்டு இருவரும் சேர்ந்து அடி வாங்கியிருக்கிறோம். நான் நான்கு வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டு, அது எனக்கு வராது என்று எனக்கு முன்னால் என் வாத்தியாருக்குத் தெரிந்துவிட்டதால் நிறுத்திக்கொண்டவன். ஊரை விட்டுப் போனதில் அவனுக்கு நான் மூத்தவன். சென்னைக்கு வந்து இருபத்திரண்டு வருடம்.

"சீவாளிய பார்சல்ல அனுப்பிடுவாங்களேடா. இதுக்காகவா வர்ற?"

"அனுப்புவாங்க. திட்டு பார்சல்ல வராதுல்ல."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். விழுப்புரம் வரை அதையேதான் பேசினான். அங்கே எல்லோரும் கை தட்டுகிறார்களாம். தோடி வாசித்தாலும் தட்டுகிறார்கள், சினிமாப் பாட்டு வாசித்தாலும் தட்டுகிறார்கள், சீவாளி பிசிறி அபஸ்வரம் விழுந்த அன்றும் தட்டினார்கள். அன்பான ஜனங்கள், குறை சொல்ல முடியாது, தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு ராகத்தை முடிக்கும்போது நன்றாக வாசித்தோமா இல்லையா என்று எதிரே இருக்கிற முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. "கண்ணாடி இல்லாம சவரம் பண்ற மாதிரி இருக்குடா."

ஒரு தைப்பூசத்துக்கு இணுவில்காரத் தவில்காரர் ஒருவர் அங்கே வந்திருந்தாராம். சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளம்பி டொரண்டோ போய்ச் சேர்ந்தவர். தவிலுக்கு இணுவிலும் நாகஸ்வரத்துக்கு அளவெட்டியும் எப்படிப்பட்ட ஊர்கள் என்று இவனுக்குத் தெரியும். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைப் பற்றிப் பேசாத மேளக்காரர் எங்கள் பக்கத்தில் கிடையாது. அந்த மனிதர் மேளச்சமா பற்றிச் சொன்னாராம். திருவிழா இரவில் பல செட்டு மேளம் வீதியில் மாற்றி மாற்றி வாசிக்குமாம். "எங்கட சனம் கை தட்டாது தம்பி. ஆனா விடியும் வரைக்கும் எழும்பாது." இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அவர் பேசவில்லையாம்.

மயிலாடுதுறையில் இறங்கும்போது இன்னும் இருட்டு பிரியவில்லை. டீ குடித்துவிட்டு கும்பகோணம் பஸ்ஸில் ஏறினோம். பங்குனி மாதம். மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் காவிரி என்பது மணலும் நாணலும்தான். அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பச்சையாகப் படர்ந்து கிடந்தது. குத்தாலம் தாண்டியதும் அவன் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

கைகாட்டிப் பலகைகளைப் படித்துக்கொண்டு போவதே எங்கள் ஜில்லாவில் ஒரு கச்சேரி கேட்பது மாதிரி. திருவீழிமிழலை, செம்பனார்கோயில், திருமெய்ஞானம், நாச்சியார்கோயில், குழிக்கரை என்று நாகஸ்வரம் ஒரு பக்கம். நீடாமங்கலம், வலங்கைமான், ஹரித்துவாரமங்கலம் என்று தவில் இன்னொரு பக்கம். அந்த ஊர்களுக்குப் போயே இராத ரசிகன்கூட அவற்றை ஆட்களின் பெயராக அறிவான். வித்வான் பட்டணத்துக்குக் குடிபோய்விடுவார், ஊர் மட்டும் அவர் பெயருக்கு முன்னால் தொற்றிக்கொண்டு கூடவே போகும். என் நண்பனும் சிங்கப்பூர் அழைப்பிதழ்களில் தன் ஊர்ப்பெயரைப் போடச் சொல்கிறானாம். அங்கே யாருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. இந்தக் கட்டுரையில் மட்டும் போட வேண்டாம் என்றான். "அம்மா படிச்சா, நம்ம ஊரப் பத்தி இப்படியா எழுதறதும்பாங்க." ஆடுதுறைக்குத் தெற்கே உள்ள ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் திருவாவடுதுறை. வாய்வழக்கில் திருவாடுதுறை. கோமுத்தீசுவரர் கோயிலும் ஆதீன மடமும் உள்ள ஊர். சங்கீதக்காரர்களுக்கு நாகஸ்வர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். 1898-இல் பிறந்து 1956-இல் சென்னையில் மறைந்தவர். பெயரில் உள்ள 'டி' உண்மையில் திருமருகலைக் குறிக்கும்; ஆனால் ஆதீன வித்வானாக இருந்து இந்த ஊரையே தன் ஊராக்கிக்கொண்டார். நாங்கள் வந்தது அவரைத் தேடியல்ல, ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணையைத் தேடி.

சீவாளி கட்டுகிற பெரியவர் தலை நிமிரவில்லை. காவிரி, கொள்ளிடக் கரைகளில் விளைகிற கொருக்கந்தட்டை கட்டுக்கட்டாகப் பரணில் கிடந்தது. அறுத்து, காய வைத்து, அவித்து, மறுபடி காய வைத்து, பழசாக விட்டு எடுத்தால்தான் கட்டுவதற்குப் பதம். அவர் மடியில் ஒரு மரப்பலகை, கையில் சிறு கத்தி. ஒரு துண்டை நறுக்கி, நுனியை நசுக்கித் தட்டையாக்கி, அடியைக் கெண்டையின் அளவுக்குக் குவித்து, நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப்பிடித்துச் சுற்றினார். ஏழெட்டுச் சுற்று. வாயில் வைத்து ஊதினார். கிளிக்குஞ்சு கத்துவது போல் ஒரு சத்தம். கத்தியால் ஓரத்தில் ஒரு மயிரளவு சீவினார். மறுபடி ஊதினார். இப்போது அதே கிளிக்குஞ்சு கொஞ்சம் வளர்ந்துவிட்டது போல் இருந்தது. எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. நண்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

டப்பாவைத் திறந்து செத்துப்போன பதினான்கையும் அவன் பலகையில் கொட்டினான். பெரியவர் ஒன்றைக் கையில் எடுத்து, கடிபட்ட தடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"என்னாடா, வலது பக்கமா கடிக்கிற? முன்னெல்லாம் கடிக்க மாட்டியே. பல்லு கில்லு போச்சா?"

போனது உண்மைதான். போன வருடம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருக்கிறான். என்னிடம்கூடச் சொன்னதில்லை. பெரியவர் பிறகு பத்து நிமிடம் திட்டினார். பல்லைக் கவனிக்காததற்கு, ஏசியில் வாசிப்பதற்கு, பழைய சீவாளியைத் தூக்கிப் போட மனசில்லாமல் மாசக்கணக்கில் வைத்து ஊதுவதற்கு. திட்டிக்கொண்டே கை வேலை செய்தது. இவன் உதட்டுக்கு எவ்வளவு கனம் வேண்டும் என்று எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை, கேட்கவும் இல்லை. அவர் கட்டித் தந்ததை இவன் வாயில் வைத்து ஒரே ஒரு ஸ்வரம் பிடித்தான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, பார்சல் விஷயத்தை நான் மறுபடி எடுக்கவில்லை.

அடுத்து நரசிங்கம்பேட்டை, மேற்கே கூப்பிடு தூரம். இங்கே ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்கள். பச்சை மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது வருகிற உத்தரம், தூண் இவற்றைத்தான் வாங்கி வைப்பார்கள். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம்தான் வெடிக்காது, வளையாது. நாகஸ்வரத்துக்குள் யாரோ ஒருவருடைய வீட்டு உத்தரம் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும் விஷயம். பழைய திமிரி நாகஸ்வரம் நாலு, ஐந்து கட்டைச் சுருதியில் ஊரையே எழுப்பும். ராஜரத்தினம் பிள்ளை கேட்டுக்கொண்டதன் பேரில் இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி குழலை நீட்டிப் பாரி நாகஸ்வரத்தைச் செய்து தந்தார். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது, சுத்த மத்யமம் சுகமாகப் பேசியது. வாசிக்கிறவனும் செய்கிறவனும் நடந்து போய்ப் பேசிக்கொள்ளும் தூரத்தில் இருந்ததால் நடந்த காரியம் அது. 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சொன்னேன். கடைசல் பட்டறையில் இருந்தவர், "ஆமா, பேப்பர்ல வந்துச்சு" என்று சொல்லிவிட்டு மரத்தூளை ஊதிவிட்டார். நண்பன் தன் வாத்தியத்தின் அடியில் பொருத்திய அணைசு ஆடுவதைக் காட்டிச் சரி செய்துகொண்டான். அரை மணி நேர வேலை. சிங்கப்பூரில் இதற்கு இரண்டு வருடமாக நூல் சுற்றி ஒப்பேற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

நண்பன் வீட்டுக்குப் போனபோது மத்தியானம். கூடத்தில் அவன் தாத்தாவின் படம்: கடுக்கன், குடுமி, நெஞ்சில் சார்த்திய திமிரி, மேலே சட்டை இல்லை, துண்டு இடுப்பில். அந்தத் துண்டைப் பற்றி எழுதாமல் ஊர்ப் பெருமை பேசினால் நான் பொய் சொன்னவனாவேன். இந்த ஜில்லாவின் காது பெரிய காது, சந்தேகமில்லை. அந்தக் காதுகளை வைத்திருந்தவர்கள்தான் மேளக்காரர் சட்டை போடக்கூடாது, துண்டைத் தோளில் போடக்கூடாது, எத்தனை மணி நேரமானாலும் நின்றேதான் வாசிக்க வேண்டும் என்றும் வைத்திருந்தார்கள். விடிய விடிய இவர் கல்யாணியில் உருகியவர்கள் காலையில் இவருக்குத் திண்ணையில் இலை போட்டார்கள். ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வெட்டி, ஷெர்வானி மாட்டி, மேடையில் உட்கார்ந்து வாசித்ததை இன்றைக்கு ஒரு சுவாரசியமான பழக்கம் போல எழுதுகிறார்கள். அது ஒரு தீர்மானமான பதில்.

நண்பனின் அப்பா கோயில் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமல் கடைசிக் காலத்தில் அரிசிக் கடையில் கணக்கு எழுதினார். ஆகவே, "ஏன் போனாய்?" என்று இவனைக் கேட்கிற யோக்கியதை யாருக்கும் இல்லை. அவனும் தான் செய்த தியாகம் என்று எதையும் சொல்லிக்கொள்வதில்லை. சம்பளம் நல்ல சம்பளம், தங்கையின் கல்யாணம் அதில்தான் நடந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சாயரட்சை. நாங்கள் கோயில் குளத்தில் கால் நனைத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மேளச் சத்தம் கேட்டது. மணியும் முரசும் சேங்கண்டியும் இம்மி பிசகாமல் ஒரே வேகத்தில் அடித்தன. மோட்டார் வைத்த மெஷின். சுவிட்சைப் போட்டுவிட்டு அர்ச்சகர் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தார். "எங்க அப்பா நின்ன இடம்டா அது" என்றான் நண்பன். பிறகு அவனே, "நாங்க போனோம், அது வந்துச்சு" என்றான். யார் முதலில் என்று அவனும் பிரித்துச் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை.

எதிர்த் திசையில் நடந்ததும் உண்டு. 1924-இல் ஆந்திரத்துக் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, தஞ்சாவூர்ப் பாணியைத் தேடி வந்து நாச்சியார்கோயில் ராஜம்–துரைக்கண்ணு சகோதரர்களிடம் கற்றுக்கொண்டு, பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியமர்ந்தார். இந்த மண்ணில் பிறந்தவனுக்குச் சும்மா கிடைத்ததை அவர் தேடி வந்து எடுத்துக்கொண்டார். சும்மா கிடைத்தவர்கள் அதை விட்டுப் போன பிறகுதான் எடை போட்டுப் பார்க்கிறோம். என்னையும் சேர்த்துத்தான்.

அன்று இரவு பங்குனி உற்சவத்தின் ஆறாம் நாள். சுவாமி புறப்பாட்டுக்கு மட்டும் மெஷின் கிடையாது, வெளியூர் செட்டு ஒன்றைப் பேசியிருந்தார்கள். "தம்பி வந்திருக்கான்" என்று தெரிந்ததும் அவர்களே இடம் கொடுத்துவிட்டார்கள். தவிலுக்கு இவனுடைய தாய்மாமா. எழுபது வயதிருக்கும். இப்போது தவிலுக்கு இரும்பு வளையமும் போல்ட்டும் வந்துவிட்டது. மாமா இன்னும் தோல் வார்தான். பலாமரக் கட்டை. வலது கை விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டி, பூவரசங்கழியை இடது கையில் எடுத்து, தொப்பியில் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். "வெயில்ல வச்சிட்டீங்களா?" என்று யாரையோ பார்த்துக் கத்தினார்.

மல்லாரி எழுந்தபோது நான் கோபுர வாசலில் நின்றிருந்தேன். கம்பீரநாட்டை. பாட்டு இல்லை, சாகித்யம் இல்லை, சுவாமி கிளம்புகிறார் என்கிற செய்தி மட்டும்தான் அதில். சென்னை சபாவில் இதையே மேடையில் கேட்டிருக்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளம் தெருவுக்காகச் செய்யப்பட்டது. சத்தம் போய் மோதித் திரும்பச் சுவர் வேண்டும், மேலே ஆகாசம் வேண்டும், நடந்துகொண்டே கேட்க ஆள் வேண்டும். சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் சாலையில் இசைக்கருவிகள் வாசிப்பதை 1973-இல் தடை செய்தார்கள். பின்னால்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். கோயிலுக்கு உள்ளேயே வாசித்துப் பழகிய இவன் முதல் இரண்டு தெருவிலும் மூச்சைக் கொஞ்சம் அடக்கித்தான் ஊதினான். தெற்கு வீதி திரும்பியதும் மாமா தவிலில் ஒரு அறை அறைந்தார். என்ன சொன்னாரோ, அதற்குப் பிறகு இவன் வாத்தியத்தை நிமிர்த்திவிட்டான்.

மேல வீதி முனையில் சுவாமியை இறக்கி வைத்தார்கள். தோடி எடுத்தான். முக்கால் மணி நேரம் இருக்கும். கூட்டம் என்று சொல்ல ஐம்பது பேர்கூட இல்லை. பிள்ளைகள் பாதிப்பேர் செல்போனில். திண்ணைகளில் சில பெரியவர்கள், வாசற்படியில் பெண்கள். கை தட்டல் இல்லை. ஓரிடத்தில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து 'அடடா' என்று ஒரு குரல் மட்டும் வந்தது, ஆள் யார் என்று தெரியவில்லை. மூன்றாவது வீட்டுப் பாட்டி விசிறிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்தினாள். நான் அதைப் பார்த்தேன். அவனும் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் அதே பிடியை மறுபடியும் வாசித்தான்.

சுவாமி யதாஸ்தானம் போய்ச் சேர்ந்து, நீலாம்பரி முடிந்து, கூடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மணி ஒன்றரை. வெற்றிலைச் செல்லத்தோடு ஒரு கிழவர் தூணோரம் நின்றிருந்தார். யார் என்று எனக்கு நினைவு வரவில்லை. நண்பன் எழுந்து நின்றுவிட்டான். மின்விளக்கு வண்டி வருவதற்கு முன்னால், புறப்பாட்டில் காஸ் லைட்டைத் தலையில் சுமந்து வந்தவர் அவர். நாற்பது வருடம், எல்லாத் திருவிழாவிலும், நாகஸ்வரத்துக்கு ஒரு முழம் தள்ளி நடந்திருக்கிறார். அவரையும் யாரும் உட்காரச் சொன்னதில்லை. எங்கள் ஊரில் அவரைவிடப் பக்கத்தில் இருந்து சங்கீதம் கேட்டவர்கள் கிடையாது. ஸ்வரத்தின் பெயர் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

"நல்லா இருந்துச்சுப்பா" என்றார். கொஞ்சம் யோசித்தார். "மேல ஏறுறதுக்கு முன்னால ஒரு எடம் வரும் பாரு. அங்க உங்க தாத்தா நின்னாருன்னா, நான் வெத்தலயத் தொடச்சு, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி முடிக்கிற வரைக்கும் நிப்பாரு. நீ தொடைக்கிறதுக்குள்ள போயிட்ட."

"காந்தாரம்" என்று மாமா தவில் உறையைக் கட்டிக்கொண்டே முணுமுணுத்தார். "நானும் அங்கதான் இழுத்துப் பிடிச்சேன். நிக்கல பய."

நண்பன் சிரித்தான். இந்த இரண்டு நாளில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கிழவரின் செல்லத்திலிருந்து உரிமையாக ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டான்.

கூடத்தில் பாய் விரித்துப் படுத்தேன். நாலரை மணி இருக்கும், கண் விழித்தபோது வாசல் திண்ணையிலிருந்து நாகஸ்வரம் கேட்டது. புதுச் சீவாளி, மெல்ல ஊதுகிறான். ஒரே பிடி. கீழிருந்து வந்து, அந்த இடத்தைத் தொட்டு, நின்று, மேலே போய்விடுகிறது. மறுபடி கீழிருந்து. பத்துத் தடவையாவது இருக்கும். அடுப்படியில் வெளிச்சம் தெரிந்தது. எழுந்து போனேன். அவன் அம்மா டிகாக்‌ஷன் இறங்குவதற்காக ஃபில்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி கோயிலில் சொன்னது அதற்குள் அடுப்படி வரை வந்து சேர்ந்திருந்தது.

வாசலில் அந்தப் பிடி மறுபடி எழும்பி, நின்று, மேலே போயிற்று.

"இன்னும் காம்பே கிள்ளல" என்று சொல்லிவிட்டு எனக்குக் காபியை ஆற்றினார்.